கேட்டில் நின்ற நேரமும் சேர்த்து

அன்று காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் மகன் ஆன்டோவிடமிருந்து போன் வந்தது. "அத்தை, அம்மா போய்ட்டாங்க" என்றான். விடிந்த பிறகு ஸ்டெல்லா அக்கா வீட்டில் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். அதனால், "ஓடப் போயிட்டாங்களா, கோயிலுக்கா?" என்று கேட்டேன். பக்கத்தில் யாரோ அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். மாவுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே தெருமுனை வரை போய்விட்டேன். ஐம்பத்திரண்டு சாகிற வயதா? எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை ஆட்டோவில் ஏறிய பிறகு வந்தது.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காலை பாசஞ்சரில் போய் வந்த நம் பெட்டிக்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டெல்லா மேரி திண்டிவனத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். நானும் அங்கேயே எழுத்தர், அவருக்கு அடுத்த நாற்காலி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இருபத்தாறு ஆண்டுகள் ஒரே வண்டியில் போய், ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே வண்டியில் திரும்பியிருக்கிறோம். கூடப் பிறந்தவர்களோடுகூட நான் இவ்வளவு நேரம் பேசியதில்லை, இவ்வளவு சண்டையும் போட்டதில்லை.

1993இல் நான் வேலையில் சேர்ந்த முதல் வாரமே முதல் சண்டை. இரண்டு பேரும் நடைபாலத்தில் அடித்துப் பிடித்து ஓடி இறங்குகிறோம். சேலை, தோள்பை, சாப்பாட்டுக் கூடை எல்லாவற்றோடும் அவர் என்னைவிட நாலு படி முன்னால் போகிறார். நாங்கள் பிளாட்பாரத்தில் கால் வைக்கவும் வண்டி மெல்ல நகர்ந்தது. நான் தாவிக் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் கீழேயே நிற்கிறார். கையை நீட்டி, "வாங்கக்கா, ஜல்தி!" என்று கத்துகிறேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறார். ஆட்டிய அந்தத் தலை சின்னதாகிக்கொண்டே போனது. அன்றைக்கு அவர் பஸ் பிடித்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்து மேலதிகாரியிடம் பாட்டு வாங்கினார். அந்தப் பாட்டு முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, "நவுர்ற வண்டியில ஏர்றியே, உனக்கு அறிவிருக்கா?" என்று எனக்கு ஒரு பாட்டு விட்டார்.

வண்டியைப் பிடிக்க உயிரைக் கொடுத்து ஓடுவார்; வண்டி ஒரு சாண் நகர்ந்துவிட்டால் ஏறமாட்டார். காரணம் கேட்டபோது தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். முகையூர்ப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் கேட் கீப்பராக இருந்தவர் அவர். "எங்கப்பா கேட்டு போட்டா போட்டதுதான். பெரிய பெரிய காருங்கல்லாம் வந்து ஹாரன் அடிச்சிக்கினு நிக்கும், தொறக்கமாட்டாரு. ஒரு நாளு எங்கம்மாவே தண்ணிக் கொடத்தோட குனிஞ்சி வந்திச்சு. அன்னிக்கி வீட்ல சோறு துன்னல அவரு" என்பார். அப்பாவை நினைத்தால் அவருக்குக் குரல் மாறிவிடும். மூடிய கேட்டுக்கு அடியில் அக்கா குனிந்து போனதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் போவேன். அந்தப் பக்கம் போய் நின்று அவரைக் கேலி செய்வேன்.

வண்டியில் உட்கார்ந்ததும் ஜெபமாலையை எடுப்பார். விழுப்புரத்தில் தொடங்கினால் விக்கிரவாண்டி தாண்டும்போது முடியும். கூட்டத்தில் வெளியே தெரியாவிட்டாலும் அவர் விரல் எந்த மணியில் இருக்கிறது என்று பார்த்து எந்த ஸ்டேஷன் என்று சொல்லிவிடுவோம். நம் மல்லாட்டைக்காரர்கூடக் கடலை மூட்டையை இறக்க அவரிடம்தான் கேட்பார். "இன்னும் ஒரு பத்து பாக்கி கீதுண்ணே, ஒக்காருங்க" என்பார் அக்கா. ஜெபத்தின் நடுவே பேசினால் பாவமில்லையா என்று கேட்டதற்கு, "மாதா கோவிச்சிக்க மாட்டாங்க, அவங்களும் ரெண்டு வேலைய ஒண்ணா செஞ்சவங்கதான்" என்றார்.

நாற்பத்து மூன்று வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். ஒரு மாதம் நடந்தார். "நடக்க பேஜாரா இருக்குடி. ஊட்டு நெனப்பாவே வருது. ஓடுனா ஒண்ணும் நெனக்க முடியல" என்று ஓட ஆரம்பித்துவிட்டார். விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி, சுடிதாரும் மகன் கழித்துப் போட்ட ஷூவுமாக. தெருவில் உள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னா ஸ்டெல்லாம்மா, நாய் தொரத்துதா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர் கணவர் சேவியர் அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி ஓடி முடித்து வருவதற்குள் குக்கரை அடுப்பில் ஏற்றி வைக்கப் பழகிக்கொண்டார். அந்த ஒன்றுக்காகவே அவரை நான் மன்னித்திருக்கிறேன், அவர் போடும் காபியைக்கூட.

பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓட வேண்டும் என்பது எப்போது அவர் மண்டையில் ஏறியது என்று தெரியவில்லை. ஒரு நாள் மயிலத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது சொன்னார். நான் சிரித்தேன். யார் கேட்டார்கள், எதற்கு ஒரு மணி, ஒன்றே கால் மணியில் ஓடினால் யாராவது அடிப்பார்களா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"யோசிச்சிப் பாருடி. எந்திரிக்கிற டைமு பால்காரன் வச்சது. வண்டி டைமு ரயில்வே வச்சது. ஆபீஸு டைமு கெவர்மெண்டு. பூசை டைமு சாமியாரு. சோறாக்குற டைமு இவங்களுக்குப் பசிக்கிற டைமு. நானா எனக்குன்னு வச்ச டைமுன்னு ஒண்ணு இருக்கா? இது ஒண்ணு இருக்கட்டுமே. ஒரு மணி. நான் வச்சது."

அதற்கு மேல் நான் கேலி செய்யவில்லை. அதாவது, அன்றைக்குச் செய்யவில்லை.

மூன்று வருடம் அதற்காகத் தயாரானார். அவர் கணக்கே தனி. ஒரு ஜெபமாலை இருபது நிமிடம், மூன்று சொன்னால் ஒரு மணி. விரலில் ஜெபமாலை மோதிரம் ஒன்றைப் போட்டுக்கொள்வார். சுற்றிலும் பத்துப் புடைப்புகள் இருக்கும், கட்டைவிரலால் நகர்த்திக்கொண்டே ஓடலாம். வாட்ச் வாங்கித் தருகிறேன் என்று ஆன்டோ சொன்னதற்கு, "வாட்ச்ச பாக்க கைய தூக்கணும். இது எங்கூடவே ஓடும்" என்றுவிட்டார். இதில் ஒரு வம்பும் இருந்தது. மூச்சு வாங்கும்போது ஜெபமும் ஓட்டமெடுக்கும். மூன்று மாலையும் முடிந்துவிடும், பத்து கிலோமீட்டர் முடிந்திருக்காது. "இன்னிக்கும் வேகமா சொல்லி ஏமாத்திட்டேன்" என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறுவார். மைதானத்தில் ஓடுகிற போதெல்லாம் ஒரு மணிக்கு மேலே மூன்று நிமிடம், நாலு நிமிடம் என்று இழுத்துக்கொண்டே இருந்தது.

2014இல், ஐப்பசி மழையின் நடுவே, விழுப்புரத்தில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சாலை ஓட்டம் நடத்தினார்கள். பத்து கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா ஞாயிறு பூசைக்குப் பதிலாகச் சனிக்கிழமை மாலைப் பூசையை முடித்துக்கொண்டு தயாராக இருந்தார். விடியும்போதே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ரத்து செய்துவிடுவார்கள் என்று நான் ஆசையோடு போன் செய்தேன். "மழையில ஒடம்பு சூடாவாதுடி, நல்லா ஓடும்" என்கிறார். என் வேலை கடைசிப் பகுதியில், ஊருக்கு வெளியே உள்ள ரயில்வே கேட்டைத் தாண்டிய இடத்தில், குளுக்கோஸ் தண்ணீரோடு நிற்பது. வானத்திலிருந்து இவ்வளவு தண்ணீர் கொட்டும்போது கையில் வேறு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, குடை ஒரு பக்கம் மடங்க, அவரைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

ஓட்டத்தை நடத்தியவர்கள் பாதையில் கேட் இருக்கிறதே என்று ரயில்வே அட்டவணையைப் பார்த்துத்தான் நேரம் குறித்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு வண்டியும் கிடையாது. சரக்கு வண்டி அட்டவணையில் இருக்காது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. "கேட் கீப்பர் பொண்ணு எனக்கே தோணலியே!" என்று பிறகு அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

முன்னால் ஓடிய பையன்களெல்லாம் போய்விட்டார்கள். தூரத்தில் மழைக்குள் அவருடைய மஞ்சள் சுடிதார் தெரிந்தது. நடை மாறாமல், தலை ஆடாமல், நான் அதுவரை பார்த்திராத ஒரு ஓட்டம். என் வாட்ச்சைப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஒரு மணிக்குள் கண்டிப்பாக முடித்துவிடுவார். அக்கா, அக்கா என்று குதிக்கிறேன். அப்போதுதான் மணி அடித்தது. கேட் இறங்கத் தொடங்கியது.

அவரோடு வந்த ஏழெட்டுப் பேர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நம் ஊரில் யார் யோசிப்பார்கள்? குனிந்தார்கள், தண்டவாளத்தைத் தாண்டினார்கள், இந்தப் பக்கக் கேட்டிலும் குனிந்து வந்து ஓடிவிட்டார்கள். வண்டி கண்ணுக்கே தெரியவில்லை. அவர் மட்டும் அந்தப் பக்கம் நின்றுவிட்டார்.

"குனிஞ்சி வாங்கக்கா! வண்டி எங்கேயும் காணோம்!"

அவர் தலையை ஆட்டினார். நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் மோதிரத்தில் நகர்ந்துகொண்டிருந்தது.

"மூணு வருசம்க்கா! அத்தினியும் போய்டும்! ஒரே ஒரு தபா குனிங்க!"

பாவம், அவருக்கும் ஆசை இருந்தது. நான் பார்த்தேன். ஒரு கை கேட் கம்பியைத் தொட்டது. தொட்ட கையை எடுத்து முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அதில் மழை எவ்வளவு, கண்ணீர் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. பிறகு அந்தப் பாழாய்ப்போன சரக்கு வண்டி வந்தது. மாட்டு வண்டி வேகத்தில், பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல் எங்கள் இருவருக்கும் நடுவில் போனது. ரயில்வேயை அன்றைக்கு நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கேட் உயர்ந்ததும் புறப்பட்ட அம்பாக வந்தார். தண்ணீர் வாங்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். முடிவுக் கோட்டில் பந்தலுக்குக் கீழே வைத்திருந்த கடிகாரம் ஒரு மணி நான்கு நிமிடம் காட்டியது.

நடத்தியவர்களில் ஒருவர், நல்ல மனிதர், மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கேட்டில் நின்றவர்களுக்கு அந்த நேரத்தைக் கழித்துச் சான்றிதழில் எழுதித் தருவதாகச் சொன்னார். உடனே ஒரு கூட்டம் மேசையைச் சூழ்ந்துகொண்டது. குனிந்து வந்தவர்கள்தான் முதல் ஆளாக நின்றார்கள். ஒருவர் எட்டு நிமிடம் நின்றேன் என்றார். அடுத்தவர் பத்து என்றார். இன்னொருவருக்குக் கால் மணி நேரம். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது. அக்காவைப் பிடித்து முன்னால் தள்ளினேன். "சார், நெசமா நின்னது இவங்க ஒருத்தர்தான், நான் பார்த்தேன், ஆறு நிமிஷமாவது இருக்கும், கழிச்சிப் போடுங்க" என்றேன்.

கழித்தால் ஒரு மணிக்குள். சந்தேகமே இல்லை. மைக்கைப் பிடித்தவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"எனக்குக் கழிக்க வேணாங்க சார்" என்றார் அக்கா.

"இன்னாம்மா, உங்க மேல தப்பு இல்லீங்களே. கேட்டு மூடினதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"நின்னேன் சார். ஓடுனது மட்டுமா என் டைமு, நின்னதும் என் டைமுதான். உள்ளது உள்ளபடி போடுங்க."

ஒரு மணி நான்கு நிமிடம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் அவரோடு பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வண்டியில் சண்டை தொடர்ந்தது. முண்டியம்பாக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். நியாயமாகக் கிடைக்க வேண்டியதை வேண்டாம் என்று சொல்வதற்குப் பெயர் நேர்மை இல்லை, திமிர் என்றேன். "வருத்தமா இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம? நேத்து பாத்ரூம்ல தண்ணிய தொறந்து வுட்டுக்கினு அழுதேன். இனிமே அப்படி ஓடுவேனான்னு தெரியல. ஆனா கழிச்சி வாங்கியிருந்தா அது அவுரு குடுத்த டைமு. நான் வச்ச டைமு இல்ல."

"நின்னதெல்லாம் ஒரு கணக்கா? நிக்கிறது வீண்தானே?"

"அப்ப நீ சொல்றியே அதுவும் அப்படித்தானா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் கணவர் பக்கவாதத்தில் ஏழு வருடம் படுக்கையில் கிடந்தவர். பேச்சு போய்விட்டது. காலையில் துடைத்து, ஊட்டி, மாமியாரிடம் விட்டுவிட்டு வண்டி பிடிப்பேன். மாலையில் வந்து மறுபடியும். அவர் இறந்த பிறகு, எத்தனை வருடம் குடும்பம் நடத்தினாய் என்று யார் கேட்டாலும் பதினைந்து என்பேன். படுக்கை வருடங்களைக் கழித்துத்தான் சொல்வேன். அதை ஒரு தமாஷாகவே பெட்டியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அக்கா மட்டும் சிரித்ததில்லை.

"அந்த ஏழு வருசமும் நீ நின்னுக்கினுதான இருந்தே. ஓடிப் போகலியே. அத எதுக்குக் கழிக்கிறே?" என்றார்.

எனக்குச் சுரீர் என்று வந்தது. என் வீட்டுப் படுக்கையும் உங்கள் ஓட்டப் பந்தயமும் ஒன்றா என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மத்தியானம் அவர் கூடையிலிருந்து கேப்பை அடையை எடுத்து என் தட்டில் வைத்தார். தின்றேன். அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் திரும்ப எடுக்கவில்லை.

அதற்கடுத்த ஆண்டுகளிலும் அவர் ஓடினார். பாதையை மாற்றிக் கேட் இல்லாமல் செய்துவிட்டார்கள். ஆனால் முழங்கால் வலி வந்துவிட்டது, சர்க்கரை ஏறி இறங்கியது. நேரம் கூடிக்கொண்டே போனதே தவிர குறையவில்லை. ஒரு மணி என்பது அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்த மழை நாளில் ஒரே ஒரு முறை குனிந்திருந்தால் கிடைத்திருக்கும். அதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

அடக்கத்தன்று தெருமுனையில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மஞ்சள் சுடிதாரில் அக்கா சிரிக்கிறார். கீழே பெரிய எழுத்தில், 'பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடிய வீரத்தாய்' என்று போட்டிருந்தது. ஆன்டோவின் சிநேகிதர்கள் அன்போடு செய்தது. அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இது தப்புடா கண்ணு."

"கேட்டு டைம கழிச்சா சரிதான அத்தை?"

"உங்கம்மா கழிக்கலியே."

அழுது வீங்கிய கண்ணோடு என்னைப் பார்த்தான். திரும்பி உள்ளே போய்விட்டான். சாவு வீட்டில் போய் இப்படியொரு வழக்கு பேசினோமே என்று என்னையே நொந்துகொண்டேன். பிறகு கோயிலில், பிரசங்கத்தின் நடுவே, சாமியார் அதே வரியைச் சொன்னார். அவரும் பிளெக்ஸைப் பார்த்துவிட்டுத்தானே வந்திருப்பார். முன் வரிசையில் ஆன்டோ எழுந்து நின்றான்.

"மன்னிக்கணும் ஃபாதர். ஒரு மணி நாலு நிமிஷம்."

சேவியர் அண்ணன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினார். நம் பெட்டிக்காரர்கள் இருந்த பக்கத்திலிருந்து யாரோ அழுகையின் நடுவே சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சாமியார், "ஒரு மணி நாலு நிமிடம்" என்று திருத்திச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்து ஓரமாக நின்றேன். அக்காவின் முகையூர்ச் சொந்தக்கார அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். நெற்றியைப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்காரரு இல்லியாம்மா? எத்தினி வருசம் குடும்பம் நடத்துனே?" என்று கேட்டார்.

பதினைந்து என்ற வழக்கமான பதில் வாய் வரை வந்தது. "இருபத்திரெண்டு வருசம்மா" என்றேன்.

அந்த அம்மாவுக்கு அது வெறும் எண். என் கையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உங்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது, அக்கா. நீங்கள்தான் அங்கே இல்லை.